கம்பெனிக்குள் தகராறு: சிறுபான்மைப் பங்குதாரர் எதை, எப்போது பார்க்க வேண்டும்

குடும்பத்தாரோ நண்பர்களோ சேர்ந்து தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பிளவு வரும்போது, பாதிக்கப்பட்டவர் வக்கீலிடம் முதலில் சொல்வது "என்னை ஏமாத்திட்டாங்க" என்பதுதான். தீர்ப்பாயம் கேட்பது வேறு. பங்குதாரர் என்ற முறையில் உங்களுக்கு இருந்த உரிமையை எந்தச் செயல் பறித்தது? எந்தத் தேதியில்? எந்தக் காகிதத்தின் வழியாக? இந்த மூன்றுக்கும் பதில் கையில் இல்லாமல் போடப்படும் மனுக்கள்தான் பெரும்பாலும் தோற்கின்றன.

காளிங்கா டியூப்ஸ் வழக்கில் 1965-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் வைத்துவிட்டது. பெரும்பான்மைக்கும் சிறுபான்மைக்கும் இடையே நம்பிக்கை போய்விட்டது என்பது மட்டும் ஒடுக்குமுறை ஆகாது. கம்பெனி விவகாரங்களை நடத்தும் விதத்தில் நேர்மையின்மை இருக்க வேண்டும். அது தொடர்ந்து வரும் நடத்தையாக இருக்க வேண்டும். பங்குதாரராக உள்ள உரிமையைத் தொட வேண்டும். சட்டம் 1956-லிருந்து 2013-க்கு மாறிவிட்டது. கம்பெனி லா போர்டு இருந்த இடத்துக்கு 2016 ஜூன் 1 முதல் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வந்துவிட்டது. அளவுகோல் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

மனு போட யாருக்குத் தகுதி என்பதிலிருந்து ஆரம்பிப்போம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 241-ஆம் பிரிவில் ஒடுக்குமுறைக்கு எதிராக மனு போட வேண்டுமானால் 244-ஆம் பிரிவின் வாசலைத் தாண்ட வேண்டும். வெளியிடப்பட்ட பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருக்க வேண்டும். அல்லது உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கோ 100 பேரோ, இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும். செலுத்த வேண்டிய பங்குத் தொகை எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. "எனக்கு 6 சதவீதம்தான், என்னால் ஒன்றும் முடியாது" என்று ஒதுங்கிவிடுபவர்கள் இந்த இரண்டாவது வழியைக் கவனிப்பதே இல்லை. ஏழு பேர் மட்டும் உறுப்பினராக உள்ள கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு ஆளுக்கும் குறைவு. அங்கே ஒற்றைப் பங்கு வைத்திருப்பவரும் தனியாக மனு போடலாம். கூட்டாகப் பங்கு வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையில் ஒருவராகவே கணக்கிடப்படுவார்கள். பலர் சேர்ந்து போடும்போது மற்றவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதத்தை மனுவோடு இணைக்க வேண்டும். வெறும் கையெழுத்துப் பட்டியல் போதாது. எந்த மனுவுக்கு, எந்தக் குறைகளுக்காகச் சம்மதம் என்பது அதில் தெரிய வேண்டும். மனு போட்ட பிறகு சம்மதம் கொடுத்த சிலர் பின்வாங்கினாலும் மனு சாகாது. தகுதி பார்க்கப்படுவது தாக்கல் செய்த நாளில்தான். ராஜமுந்திரி மின் வழங்கல் கம்பெனி வழக்கில் 1955-லேயே இது தீர்ந்துவிட்டது.

வெளியிடப்பட்ட மூலதனம் என்பதில் முன்னுரிமைப் பங்குகளும் (டிவிடெண்டில் முன்னுரிமை பெறும் பங்குகள்) சேரும். டாடா சன்ஸ் வழக்கில் மனுதாரர் கம்பெனிகளிடம் சாதாரணப் பங்குகளில் 18.37 சதவீதம் இருந்தும், முன்னுரிமைப் பங்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது அவர்கள் பத்துக்கு மிகக் கீழே போனார்கள். 2017 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இந்தத் தகுதி நிபந்தனையிலிருந்து விலக்கு கொடுத்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது. விலக்கு கேட்கும் விண்ணப்பத்தைத் தனியாக, காரணங்களோடு போட வேண்டும். மனுவின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகச் சொருகி வைப்பதால் பயனில்லை.

இந்தப் பத்து சதவீதக் கணக்கு பெரும்பான்மைக்கும் தெரியும். அதனால்தான் தகராறு ஆரம்பித்ததும் முதலில் நடப்பது புதுப் பங்கு ஒதுக்கீடு. ஒரு லட்சம் பங்குகள் உள்ள கம்பெனியில் உங்களுக்கு 30,000 இருந்தால் 30 சதவீதம். மறு தரப்பு 2,10,000 புதுப் பங்குகளைத் தனக்கே ஒதுக்கிக்கொண்டால் மொத்தம் 3,10,000. உங்கள் 30,000 அப்படியே இருக்கும், விகிதம் 9.68 சதவீதமாக இறங்கிவிடும். முக்கால் பங்கு வாக்கு தேவைப்படும் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கும் பலமும் போய்விட்டது, பத்தும் போய்விட்டது. அந்த ஒதுக்கீட்டையே எதிர்த்து மனு போடும்போது, அதற்கு முந்தைய விகிதத்தை வைத்துத் தகுதி பார்க்கும்படி கேட்கலாம். இல்லாவிட்டால் தவறு செய்தவருக்கே அந்தத் தவறு கேடயமாகிவிடும்.

ஒதுக்கீடு எந்த வழியில் நடந்தது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். எல்லாப் பங்குதாரர்களுக்கும் விகிதப்படி கொடுக்கும் ரைட்ஸ் வெளியீடா, சிலருக்கு மட்டும் கொடுக்கும் முன்னுரிமை ஒதுக்கீடா? இரண்டாவதற்குச் சிறப்புத் தீர்மானமும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் எதிர்த்து வாக்களித்தால் சிறப்புத் தீர்மானம் நிறைவேறாது. ஆகவே பெரும்பான்மை பெரும்பாலும் ரைட்ஸ் வழியைத்தான் எடுக்கும்: கடிதம் அனுப்பினோம், அவர் பணம் கட்டவில்லை, மிச்சத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். முழு வழக்கும் அந்தக் கடிதத்தில் தொங்கும்.

நீலகிரி கேத்தியில் இருந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் வழக்கு இதற்குச் சரியான பாடம். இங்கிலாந்துக் கம்பெனிகளுக்குச் சொந்தமான ஒரு ஹோல்டிங் கம்பெனியிடம் ஏறத்தாழ 60 சதவீதம் இருந்தது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி அதை 40-க்குக் குறைக்க வேண்டிய கட்டாயம். இந்தியத் தரப்பு 16,000 ரைட்ஸ் பங்குகளை 100 ரூபாய் முகமதிப்பில் வெளியிட்டது. ஹோல்டிங் கம்பெனியின் பங்கு 9,495. சலுகைக் கடிதத்தில் தேதி 1977 ஏப்ரல் 14. தபாலில் சேர்ந்தது ஏப்ரல் 27. இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது மே 2. அதே மே 2-இல் போர்டு கூடி ஒதுக்கீட்டை முடித்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 1981-இல் தந்த தீர்ப்பு பலருக்கு வியப்பாக இருக்கும். ஒடுக்குமுறை இல்லை என்றது. ஹோல்டிங் கம்பெனியின் விகிதத்தைச் சட்டப்படி குறைக்க வேண்டிய தேவை இருந்ததால் ஒதுக்கீடும் செல்லும் என்றது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பங்கின் சந்தை மதிப்பு 190 ரூபாய், கொடுத்தது 100 ரூபாய்க்கு. மிச்சம் 90 ரூபாய் இந்தியத் தரப்புக்குப் போன நியாயமற்ற லாபம். 9,495 பங்குகளுக்கு 8,54,550 ரூபாயை ஹோல்டிங் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. சட்டத்தை மீறிய ஒரு தனிச் செயல் தானாகவே ஒடுக்குமுறை ஆகிவிடாது. பணம் திரட்ட உண்மையான தேவை இருந்ததா, ஆட்சியைப் பிடிப்பது மட்டுமே நோக்கமா என்பதுதான் உரைகல். அடுத்து, ஒடுக்குமுறை நிரூபிக்கப்படாவிட்டாலும் கணிசமான நியாயம் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே பங்கின் உண்மை மதிப்புக்கும் வெளியீட்டு விலைக்கும் உள்ள இடைவெளியை ரூபாயில் கணக்கிட்டு மனுவில் வைத்தே ஆக வேண்டும். முதல் வாதம் தோற்றால் கையில் மிஞ்சுவது அந்தக் கணக்குதான்.

இன்றைய 62-ஆம் பிரிவில் சலுகைக் கடிதம் வெளியீடு தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்ட், மின்னஞ்சல் போன்ற வழியில் போயிருக்க வேண்டும். வெளியீடு திறந்திருக்கும் காலம் முன்பு குறைந்தது 15 நாளாக இருந்தது. 2021 முதல் 7 நாள் போதும். அதிகபட்சம் 30 நாள். ஏழு நாளில் பணம் திரட்டுவது சாதாரண ஆளுக்கு எளிதல்ல. இந்தத் திருத்தம் சிறுபான்மையின் கையைக் கட்டிவிட்டது என்றே சொல்வேன். இதோடு இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வராத பிரைவேட் கம்பெனிகளுக்கு இப்போது டீமேட் (பங்குகளை மின்னணு வடிவில் வைப்பது) கட்டாயம். இதற்கான கெடு 2025 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. புதுப் பங்குக்கு விண்ணப்பிப்பவர் தன்னிடம் உள்ள பழைய பங்குகளை முதலில் டீமேட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். காகிதச் சான்றிதழைப் பீரோவில் வைத்திருப்பவருக்கு ஏழு நாள் ரைட்ஸ் கடிதம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தகராறு இல்லாத காலத்திலேயே டீமேட் கணக்கை முடித்து வையுங்கள்.

அடுத்தது ஆவணம் சேர்ப்பது. இங்கே வரிசை முக்கியம். நீங்கள் பங்குதாரர் மட்டுமல்ல, டைரக்டராகவும் இருந்தால், உங்களை நீக்குவதற்கு முன்பே 128-ஆம் பிரிவின்படி கணக்குப் புத்தகங்களைப் பார்க்கக் கடிதம் கொடுங்கள். டைரக்டர் பதவி போன மறுநாள் அந்த உரிமையும் போய்விடும். போர்டு மினிட்ஸை (கூட்ட நடவடிக்கைக் குறிப்பை) பார்க்கப் பங்குதாரருக்கு உரிமை இல்லை, டைரக்டருக்கு உண்டு. வரைவு மினிட்ஸ் கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் டைரக்டருக்கு வர வேண்டும். அதில் தவறு இருந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் கழித்து "அந்தக் கூட்டத்துக்கு நான் போகவே இல்லை" என்று சொல்வதைவிட, அந்த வாரத்திலேயே அனுப்பிய நான்கு வரி மின்னஞ்சலுக்கு எடை அதிகம்.

பங்குதாரருக்கு மட்டும் உள்ள உரிமைகளும் குறைவில்லை. உறுப்பினர் பதிவேட்டையும் ஆண்டு அறிக்கைகளையும் 94-ஆம் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பொதுக்கூட்ட மினிட்ஸை 119-ஆம் பிரிவில் பார்க்கலாம். நகல் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும், பக்கத்துக்கு 10 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. டைரக்டர்களுக்குச் சொந்த நலன் உள்ள ஒப்பந்தங்களின் பதிவேடு 189-ஆம் பிரிவில் திறந்திருக்கும். டைரக்டரின் மனைவி பெயரில் உள்ள நிறுவனத்துக்குப் பணம் போவது பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும், அல்லது அங்கே எழுதப்படாமல் விட்டதால் பிடிபடும். கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு. கொடுத்தால் ஆவணம் கிடைத்தது. மறுத்தால் மறுப்பே ஆவணம்.

கம்பெனி ஒத்துழைக்காவிட்டாலும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் இருக்கிறது. சிறு கட்டணத்தில் ஒரு கம்பெனியின் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். பங்கு ஒதுக்கீட்டுக்கான பிஏஎஸ்-3, டைரக்டர் மாற்றத்துக்கான டிஐஆர்-12, தீர்மானங்களுக்கான எம்ஜிடி-14, மூலதன உயர்வுக்கான எஸ்ஹெச்-7, ஆண்டு அறிக்கையான எம்ஜிடி-7, கணக்கறிக்கையான ஏஓசி-4 ஆகிய எல்லாவற்றையும் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இவற்றை வைத்து மூன்று தேதிகள் கொண்ட கால வரிசை தயாரிக்க வேண்டும்: காகிதத்தில் எழுதப்பட்ட தேதி, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான தேதி, உங்களுக்குத் தெரியவந்த தேதி.

முன்தேதியிட்ட ஒதுக்கீடுகள் இந்த மூன்று தேதிகளுக்கு நடுவில்தான் சிக்கும். போர்டுத் தீர்மானம் ஏப்ரல் மாதம் என்று சொல்லும்; பிஏஎஸ்-3 படிவத்தின் டிஜிட்டல் கையெழுத்து அக்டோபரில் விழுந்திருக்கும்; தாமதத்துக்கான கூடுதல் கட்டணம் செலானில் தெரியும். நடுவில் ஜூலையில் நீங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் இருக்கும். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கைப் பாருங்கள். பங்குத் தொகை உண்மையிலேயே வந்ததா, வந்த அன்றே வேறு பெயரில் வெளியே போனதா? பணமே வராமல் டைரக்டர் கொடுத்த கடனைப் பங்காக மாற்றியதாகச் சொன்னால், அந்தக் கடன் முந்தைய ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் பக்க எண் வரிசையாக இருக்க வேண்டும், ஒட்டுவது தடைசெய்யப்பட்டது. தீர்ப்பாயத்தில் மூலப் புத்தகத்தை வரவழைக்கக் கேட்கும்போது இது உதவும்.

டைரக்டர் பதவி நீக்கத்தைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும்: 169-ஆம் பிரிவு சாதாரணத் தீர்மானத்தால் டைரக்டரை நீக்கும் உரிமையைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்திருக்கிறது. சிறப்பு அறிவிப்பு கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பு வந்து, நீக்கப்படுபவருக்குப் பேச வாய்ப்பும் கொடுத்திருந்தால், நீக்கம் மட்டும் ஒடுக்குமுறை ஆகாது. டாடா சன்ஸ் வழக்கில் சைரஸ் மிஸ்திரியை மீண்டும் பதவியில் அமர்த்திய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் 2019 உத்தரவை உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 26 அன்று ரத்து செய்ததன் சாரமும் இதை ஒட்டியதுதான். விதிவிலக்கு எங்கே என்றால், கூட்டாண்மை போலவே நடந்துவந்த கம்பெனிகளில்: இரண்டு மூன்று பேர் சேர்ந்து முதல் போட்டு, எல்லோரும் நிர்வாகத்தில் இருப்போம் என்ற புரிதலில் நடத்தி, லாபத்தை டிவிடெண்டாக எடுக்காமல் சம்பளமாகவே எடுத்துவந்த இடங்களில். அங்கே பதவி போவதும் முதலீட்டின் பலன் மொத்தமாகப் போவதும் ஒன்று. இதை நிரூபிக்கப் பத்து ஆண்டு சம்பள விவரமும் டிவிடெண்ட் அறிவிக்கப்படாத கணக்கறிக்கைகளும் வேண்டும்.

நேரடியாக நீக்காமல் 167-ஆம் பிரிவைப் பயன்படுத்துவதும் உண்டு. பன்னிரண்டு மாதம் எந்தப் போர்டு கூட்டத்துக்கும் வராத டைரக்டரின் பதவி தானாகக் காலியாகிவிடும். கூட்ட அறிவிப்பையே அனுப்பாமல், அல்லது பயன்பாட்டில் இல்லாத மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஒரு வருடம் கழித்து டிஐஆர்-12 தாக்கல் செய்துவிடுவார்கள். பகை ஆரம்பித்த நாளிலேயே உங்கள் முகவரியையும் மின்னஞ்சலையும் கம்பெனிக்கு எழுத்தில் உறுதிசெய்து, "ஏழு நாள் அறிவிப்போடு எல்லாக் கூட்டங்களுக்கும் வரத் தயார்" என்று ஒரு கடிதம் போட்டுவையுங்கள்.

குடும்ப உடன்படிக்கையை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கு கசப்பான செய்தி. இரண்டு கிளைகளும் எப்போதும் சம பங்கு வைத்திருக்கும் என்ற குடும்ப ஏற்பாடு கம்பெனியின் உள்விதிகளான ஆர்டிகிள்ஸில் எழுதப்படவில்லை என்பதால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பங்கை விற்கும்போது முதலில் குடும்பத்தாருக்கே தர வேண்டும், இன்ன கிளைக்கு ஒரு டைரக்டர் பதவி நிச்சயம் என்பது போன்ற எதுவானாலும் ஆர்டிகிள்ஸில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இறந்தவரின் வாரிசுகளுக்கு நல்ல செய்தி உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டாலும் வாரிசுகள் மனு போடலாம் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாமினி முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதும் 2023 டிசம்பரில் தெளிவாகிவிட்டது. ஆனால் உயிலே பொய் என்ற சண்டை இருந்தால் அது உரிமையியல் நீதிமன்றத்துக்குரியது. தீர்ப்பாயம் அதில் இறங்கத் தயங்கும்.

மனு எழுதுவதில் நடக்கும் பெரிய தவறு நீளம். அண்ணன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்பது வரை எழுதி நூறு பத்தி ஓட்டுவார்கள். ஒதுக்கீட்டுத் தேதி எண்பதாவது பத்தியில் கிடக்கும். இரண்டாவது, 242-ஆம் பிரிவு கேட்கும் இரட்டை நிபந்தனையில் பின்பாதியை மறப்பது. நடத்தை ஒடுக்குமுறையானது என்பதோடு, கம்பெனியைக் கலைக்கும் அளவுக்கு நியாயமான காரணம் இருக்கிறது, ஆனால் கலைத்தால் மனுதாரருக்கே பாதிப்பு என்பதையும் உண்மைகளோடு சொல்ல வேண்டும். மூன்றாவது, காலதாமதம். கால வரம்புச் சட்டம் தீர்ப்பாயத்துக்கும் பொருந்தும். மூன்று ஆண்டுக் கணக்கு எழும். தொடர்ந்து நடக்கும் தவறு என்று வாதிடலாம், ஆனால் அந்த ஒதுக்கீட்டைக் காட்டிய இருப்புநிலைக் குறிப்பில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் வாதம் தளர்ந்துவிடும். உங்களுக்கு எதிரான ஆவணத்தை மறைப்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். எதிர்த் தரப்பு முதல் வாய்தாவிலேயே அதை எடுத்து நீட்டும்.

இடைக்கால உத்தரவு கேட்கும்போது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஓடும் தொழிலை முடக்கத் தீர்ப்பாயம் விரும்பாது. பங்கு விகிதம், போர்டு அமைப்பு, நிலம் கட்டடம் ஆகியவற்றில் தற்போதைய நிலை தொடரட்டும் என்று கேட்பதே கிடைக்கக்கூடியது. சந்தேகம் பலமாக இருந்தால் பதிவேடுகளைப் பட்டியலிட ஆணையரையும், அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் சுதந்திரமான தலைவரையும் கேட்கலாம். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 45 நாள்; போதிய காரணம் காட்டினால் இன்னொரு 45 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. தமிழ்நாட்டு வழக்குகளின் மேல்முறையீடு சென்னை அமர்விலேயே நடக்கிறது.

கடைசியில் பெரும்பாலான வழக்குகள் ஒரு தரப்பு மறு தரப்பின் பங்கை வாங்குவதில்தான் முடிகின்றன. அங்கே சண்டை விலை மீது. மதிப்பீட்டுத் தேதியை மனு தாக்கல் செய்த நாளுக்கு அருகில் வைக்கக் கேளுங்கள். வழக்கு நடந்த ஆண்டுகளில் வேண்டுமென்றே இறக்கப்பட்ட லாபம் உங்கள் விலையைத் தொடக் கூடாது. கணக்கில் பழைய கிரய விலையில் கிடக்கும் நிலத்தை இன்றைய விலைக்கு ஏற்ற வேண்டும். உறவினர் நிறுவனங்களுக்குப் போன தொகையைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். வெறும் சிறுபான்மை என்பதற்காக விலையில் தள்ளுபடி கூடாது என்பதை மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் ஆணையிலேயே எழுதவைக்க வேண்டும். அறிக்கை வந்த பிறகு ஆட்சேபித்தால் வருடம் ஒன்று போய்விடும்.

வெளியேறும் உடன்படிக்கையில் பலர் மறப்பது வங்கிக்குக் கொடுத்த தனிநபர் உத்தரவாதம். பங்கை விற்று, பதவியை விட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு போனவரை, நான்கு ஆண்டு கழித்துக் கம்பெனி கடனைக் கட்டாதபோது வங்கி தேடி வரும். தீர்ப்பாயத்தின் உத்தரவு வங்கியை அந்த வழக்கில் சேர்க்காதவரை வங்கியைக் கட்டாது. ஆகவே உத்தரவாதத்திலிருந்து விடுவித்து வங்கி தரும் கடிதம், ஈடாக வைத்த சொந்தச் சொத்தின் பத்திரம், கம்பெனிக்குக் கொடுத்த கடன் பாக்கி ஆகிய மூன்றும் கைக்கு வரும் நாளும் பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்திடும் நாளும் ஒன்றாக இருக்கும்படி சமரசக் குறிப்பில் எழுதுங்கள். தவணையில் பணம் வருவதாக இருந்தால், கடைசித் தவணை வரை பங்குகள் மூன்றாம் நபரின் பொறுப்பில் இருக்கட்டும்; தாமதத்துக்கு வட்டியும் எழுதுங்கள். தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகலைக் கம்பெனி 30 நாளுக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது நடந்ததா, டைரக்டர் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீங்கியதா என்று இணையதளத்தில் நீங்களே பார்த்து, அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.